ஏழாவது மைக்கில் இருந்தது

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

சேர்ந்திசைக் குழு நடத்துகிறவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி ஒன்று நடந்தது. அதை நடத்திய பயிற்சியாளர் இரண்டாம் நாள் சாயங்காலம் என்னிடம் வந்து, "நீங்க கதை எழுதுவீங்களாமே" என்றார். அண்ணன்தான் உளறியிருப்பான். "எங்க கையேட்டுக்கு ஒரு உதாரணக் கதை வேணும். அரைப் பக்கம் போதும். குழுவுல ஒருத்தர் ஒதுங்கிப் போறார், தலைவர் அதைக் கவனிக்கிறார், சேர்த்துக்கறார். கடைசியில ஒரு கேள்வி கேட்டு முடிச்சிருங்க. படிக்கறவங்க உக்காந்து விவாதிக்கணும்."

அரைப் பக்கம்தானே என்று தலையாட்டினேன். இன்றைக்குப் பதினோராவது நாள். நோட்டில் முப்பத்திரண்டு பக்கம் ஓடிவிட்டது, தலைவர் இன்னும் எதையும் கவனிக்கவில்லை.

2

தொடக்கங்கள், எழுதி அடித்த வரிசையில்:

அ. "பன்னிரண்டு பேர் பாடினார்கள். பதினொரு குரல்தான் கேட்டது." (எழுதியதும் எனக்கே புல்லரித்தது. மறுநாள் படித்தால் பேய்க்கதை மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

ஆ. "என் அண்ணன் நல்லவன்." (இப்படி ஆரம்பித்தால் யாராக இருந்தாலும் அவன் என்ன தப்பு செய்தான் என்று கேட்கத்தான் போகிறார்கள்.)

இ. "மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணிக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் அவருக்கு" (ஆனால் அவருக்கு என்ன? என்ன குறை என்று அந்த இடத்தில் எழுத வந்தது. அவருக்கு ஒரு குறையும் இல்லை. பேனா அங்கேயே நின்றுவிட்டது.)

சரி, அலங்காரம் வேண்டாம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு இருக்கிறது. பன்னிரண்டு பேர். நடத்துகிறவன் என் அண்ணன். மண்டபம் சாதாரண மண்டபமில்லை, முன்பு சரக்குக் கிடங்காக இருந்தது, தகரக் கூரை. யார் பாடினாலும் மூன்றாவது வரிசைக்கு மேல் கஞ்சத்தனமாகத்தான் போய்ச் சேரும். அதனால் ஆளுக்கு ஒரு மைக். பன்னிரண்டு மைக்கின் வயரும் என் மேசைக்கு வரும். மிக்ஸரில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு கட்டை உண்டு, ஃபேடர் என்போம். மேலே தள்ளினால் அந்தக் குரல் கூடத்துக்குக் கேட்கும், கீழே இழுத்தால் கேட்காது. அந்தப் பன்னிரண்டு கட்டைகளின் மேலும் விரல் வைத்திருக்கிறவள் நான்.

ஏழாவது கட்டையை எட்டு மாதமாகக் கீழேயே வைத்திருக்கிறேன்.

அதுதான் கதை.

3

ஏழாவது மைக்கில் நிற்பவர் மருந்துக்கடை அக்கா. வயது ஐம்பதைத் தொடப்போகிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையில் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். எதையும் இரண்டு தடவை சொல்லும் பழக்கம் அவருக்கு. "சாப்பிட்ட பின்னாடி, என்ன, சாப்பிட்ட பின்னாடி." ஒத்திகைக்கு வரும்போது விரல் நுனியில் மருந்து வாசனை இருக்கும்.

பக்கத்தில், எட்டாவது மைக்கில், வெல்டர் அண்ணன். கேட் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறார். அடிக்குரல் என்றால் அதுதான் அடிக்குரல். அவர் வாயைத் திறந்தால் தகரக் கூரையே அடங்கிப் போகும். எந்த ஊருக்குப் போனாலும் என் அண்ணன் அவரைப் பற்றித்தான் பீற்றிக்கொள்வான். "எங்க வெல்டர் ஒருத்தர் போதும், மத்த பதினோரு பேரும் சும்மா நின்னாலும் பாட்டைத் தூக்கி நிறுத்திருவார்." சும்மா நிற்கிறவர் ஒருவர் நிஜமாகவே இருக்கிறார் என்பது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதம் முன்பு ஒரு ஒத்திகையில் அண்ணன் கையைத் தட்டி நிறுத்தினான்.

"ஏழு யாரு? முந்திக்கிட்டு வர்றீங்க. நான் கையைத் தூக்கறதுக்கு முன்னாடியே வார்த்தை வந்துருது."

"சாரி" என்றார் அக்கா.

அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். அவரை அனுப்ப அவனுக்கு மனசில்லை; மழை வெயில் பார்க்காமல் வருகிற ஆள். நாலாவது வாரம் என் மேசைக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "ஏழாவதை மூடிரு" என்றான்.

"சொல்லிட்டு மூடலாமேண்ணா."

"சொன்னா அழுவாங்க. எதுக்கு? அவங்க பாட்டுக்குப் பாடிட்டுப் போறாங்க. யாருக்கும் நஷ்டமில்ல."

நான் மூடினேன். இதை அண்ணன் தலையில் மட்டும் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள இரண்டாம் வரைவில் ஒரு முயற்சி செய்தேன். அதில் இந்த இடத்தில் நான் "கண் கலங்கினேன்" என்று இருந்தது. பொய். டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

4

(இந்தப் பகுதியை மூன்று முறை கிழித்திருக்கிறேன். மேலே படிப்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும்: ஃபேடரைக் கீழே இழுத்தால் கூடத்துக்குத்தான் குரல் போகாது. என் லேப்டாப்பில் எல்லா மைக்கும் தனித்தனியாகப் பதிவாகும். பதிவுக்குப் போகும் வழி கட்டைக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. அண்ணனுக்கு இது தெரியாது. நான் சொன்னதில்லை, அவன் கேட்டதில்லை.)

பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு குழுத் தலைவரும் தன் குழு பாடிய ஒரு பதிவைக் கொண்டுவர வேண்டும், ஒவ்வொரு குரலும் தனியாக இருக்க வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. அதற்காகப் போன கச்சேரியின் பன்னிரண்டு பதிவுகளையும் பிரித்து வைக்க உட்கார்ந்தேன். மத்தியான நேரம். வெளியே யாரோ தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே வந்தேன். ஏழு வந்ததும் வழக்கம்போலத் தாண்டிப் போகத்தான் கை போனது. என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று அமுக்கினேன்.

அக்கா பாடவில்லை.

சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு வார்த்தையை, வரி தொடங்குவதற்கு அரை நொடி முன்னால், மூச்சோடு மூச்சாக. "கரையோரம் நின்ற". அரை நொடி. பின்னால் தூரத்தில் வெல்டர் அண்ணனின் குரல் இடி மாதிரி "கரையோரம் நின்ற தோணியே" என்று எழும். அடுத்த வரி. "காற்றுக்கு யார்". அரை நொடி. மறுபடி அவர் குரல். சரணங்களில் மொத்தம் இருபத்துநாலு வரி, இருபத்துநாலு தடவை.

எட்டாவது பதிவைப் போட்டுப் பார்த்தேன். அவர் குரலுக்கு முன்னால் எப்போதும் ஒரு மெல்லிய சலசலப்பு இருக்கும். அவருடைய மூச்சு என்று நினைத்து எட்டு மாதமாக அதை வடிகட்டிக்கொண்டிருந்தவள் நான்.

கையில் எல்லோருக்கும் போல் வெல்டர் அண்ணனுக்கும் பாட்டுத் தாள் உண்டு. மூக்கில் கண்ணாடி உண்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல்லவி மட்டும் நாலு தடவை திரும்பி வருகிறது, அது அவருக்கு மனப்பாடம். அங்கே அக்கா சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிடுகிறார். நிறுத்திவிட்டுப் பாடுகிறார். ஐயோ, அந்தக் குரல்! சுருதி ஒரு இழை பிசகவில்லை. நாலு வரி பாடிவிட்டு மறுபடி சொல்லிக்கொடுக்கப் போய்விடுகிறார். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். இது நிஜம்.

5

அண்ணன் நல்லவன் என்று எழுதி அடித்தேன் அல்லவா, அதை இங்கே மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்து பாட நாற்காலி போட்டவன் அவன். பார்வை மங்கிய ஒருவருக்காகத் தாளைப் பெரிய எழுத்தில் அடித்துக்கொடுத்தவன். ஆனால் அந்தப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அடுத்த வருடத்திலிருந்து மண்டபத்தில் இடமில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பதினாலு வருடம் கட்டிக்காத்த குழு.

தேர்வு இதுதான். குழுத் தலைவர் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அவருடைய குழுவின் குரல்களை ஒவ்வொன்றாகப் போடுவார்கள், வரிசை மாற்றி. குரலைக் கேட்டு ஆள் யார் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, குழுவில் அந்த ஆளுக்கு என்ன தேவை என்றும் சொல்ல வேண்டும். குழுவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டியும் வர வேண்டும்.

அண்ணன் வெல்டரைக் கூப்பிட்டான். "மருந்துக்கடைத் தங்கச்சி வந்தா வர்றேன்" என்றார் அவர். பிடிவாதமாகச் சொன்னார். அண்ணன் முழித்தான், வேறு வழியில்லாமல் இருவரையும் சேர்த்துக்கொண்டான்.

பிறகு என்னிடம் வந்தான்.

"ஏழுல ஒண்ணும் இருக்காதே?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. "இருக்கு, வா, உக்காந்து கேளு" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த நிமிடம் வெல்டர் அண்ணனின் விஷயம் வெளியே வந்துவிடும்.

"ஒண்ணும் இருக்காது" என்றேன்.

"அஞ்சாவது மைக்குப் பொண்ணு பாடினதுல வேற ஒரு சரணத்தை எடுத்து ஏழுல ஒட்டிரு. அவ அங்க வரப்போறதில்ல, யாருக்குத் தெரியும்?"

"ரெண்டும் ஒரே குரலாச்சே, அஞ்சு எது ஏழு எதுன்னு எப்படிச் சொல்லுவே?"

பதினாலு வருடம் குழு நடத்தியவன், ஒரு சபை நிறைய ஆட்கள் கைதட்டும் ஆள், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ஏழு வரும்போது நீ இருமு."

6

பயிற்சி நடந்த அறையை விரிவாக வர்ணிக்கலாம் என்று நினைத்தேன். வட்டமாக நாற்காலி, சுவரில் வெள்ளைப் பலகை, அதில் பச்சை எழுத்தில் "ஒருவரும் விடுபடாத குழு"

(வேண்டாம். யாருக்கு வேண்டும் இந்த வர்ணனை? நானே அந்த அறைக்குள் மறுபடி போகப் பயந்துகொண்டு வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.)

முதல் நாள் நன்றாகத்தான் போனது. பயிற்சியாளர் கெட்டிக்காரி. சுருதி சேராதவரிடம் "வாயை மட்டும் அசைங்க" என்று சொல்லும் வழக்கத்தைப் பற்றிக் கேட்டார். "இங்க யாரெல்லாம் அப்படிச் சொல்லியிருக்கீங்க?" பாதிக் கைகள் எழுந்தன. அண்ணன் கை எழவில்லை. உண்மைதான், அவன் அப்படி யாரிடமும் சொன்னதே இல்லை.

இரண்டாம் நாள் பத்தரை மணிக்கு எங்கள் முறை. அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவன் சட்டை முதுகில் ஈரம் பரவியிருந்தது. நான் லேப்டாப் முன்னால். எனக்கு இடது பக்கம், கையெட்டும் தூரத்தில், அக்காவும் வெல்டர் அண்ணனும். திரையில் இரண்டு கோப்புகள் வைத்திருந்தேன். ஒன்றில் ஏழாவதாக ஒட்டுவேலை. இன்னொன்றில் ஏழாவதாக ஏழு.

ஆமாம், நிஜமானதையும் எடுத்துப் போயிருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசி நொடியில் தைரியம் வரும் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நம்பிக்கை.

பயிற்சியாளர் ஒரு எண்ணைச் சீட்டில் எழுதி எனக்கு மட்டும் காட்டுவார், நான் போடுவேன். மூன்று. "பேங்க்ல வேலை பாக்கறவர். மூச்சு பத்தாது, நீளமான வரியை ரெண்டாப் பிரிச்சுக் குடுக்கணும்." பதினொன்று. "என் பக்கத்து வீட்டுக்காரங்க. காது கொஞ்சம் மந்தம், முன்வரிசையில நிக்கணும்." எட்டு. அந்தக் குரல் எழுந்ததும் அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் சிரித்தேவிட்டான். "எங்க வெல்டர். அவருக்கு ஒண்ணுமே தேவையில்ல மேடம். அவர்தான் எங்க தூண்."

வெல்டர் அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் அடுத்த சீட்டைக் காட்டினார். ஏழு.

இந்த இடத்துக்கு நான் எழுதிய முடிவுகள் மூன்று.

கையேட்டுக்கான முடிவு: நான் நிஜப் பதிவைப் போடுகிறேன். அறை உறைகிறது. அண்ணன் திரும்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். வெல்டர் கண்ணீரோடு எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறார். கைதட்டல். (இதை எழுதிய அன்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. காலையில் படித்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு மனிதரின் மானத்தை அவரைக் கேட்காமல் முப்பது பேர் முன்னால் உருவிவிட்டு அதற்குக் கைதட்டல் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.)

கோழை முடிவு: வயரை உருவிவிட்டு, "டிராக் கெட்டுப்போச்சு மேடம்" என்கிறேன்.

மூன்றாவது முடிவில் கரண்ட் போய்விடுகிறது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நடந்தது: நான் ஒட்டுவேலையைப் போட்டேன். இருமினேன்.

ஐந்தாவது பெண்ணின் குரல் அறை முழுக்கக் கணீரென்று பரவியது. அண்ணன் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. "மருந்துக்கடை அக்கா" என்றான். "எட்டு வருஷமா எங்ககூடப் பாடறாங்க. அவங்களுக்குன்னு தனியா ஒண்ணும் தேவையில்ல மேடம், எந்தப் பிரச்சனையும் இல்லாத ஆள்."

பயிற்சியாளர் பேனாவை வைத்தார். என்னைப் பார்த்தார். இருமலா, வேறு எதுவா தெரியவில்லை, ஏதோ உறுத்தியிருக்கிறது. பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"நீங்கதானே அவங்க? இது உங்க குரல்தானா?"

தன் பெயருக்கு வேறொருத்தியின் குரல் ஒட்டப்பட்டிருப்பதை அக்கா கேட்டுவிட்டார். அவர் "இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணனின் சான்றிதழ் போகும். பயிற்சியாளர் நிஜமானதைப் போடச் சொல்வார். என் விரல் இரண்டாவது கோப்பின் மேல் இருந்தது, நான் மறுக்கவும் முடியாது. வெல்டர் அண்ணன் இப்போது செருப்பைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய மனிதர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அக்காவின் மைக்கில் நிஜமாக என்ன பதிவாகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா மேடம்" என்றார். "என் குரல்தான். என் குரல்தான்."

7

அண்ணனுக்குச் சான்றிதழ் கிடைத்தது. மண்டப வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான்.

8

தேர்வு முடிந்து மத்தியான இடைவேளையில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் காலி டம்ளர்.

"அந்த இருமலுக்கு எங்க கடையில மருந்து கிடையாதும்மா" என்றார்.

"அக்கா, மைக்கு…"

"மூடி வச்சிருக்கீங்க. தெரியும். மூடின அன்னைக்கே தட்டிப் பாத்துட்டேன், சத்தம் வரல."

"எட்டு மாசமாத் தெரியுமா? ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா திறந்துருவீங்களே." டம்ளரை நிரப்பினார், குடிக்கவில்லை. "திறந்திருந்தா எப்படிச் சொல்லிக்குடுக்கறது? உங்கண்ணன் காது பாம்புக் காது. மூடினது எனக்கு வசதியாப் போச்சு."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவருக்குச் சட்டென்று உறைத்தது. "இரு. மூடியிருக்கறப்ப நான் சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?"

"பதிவாகும்க்கா. மூடினாலும் பதிவாகும்."

முகம் வெளுத்துவிட்டது. "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. என்ன, சொல்லாத." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாலு வருஷமா கடைக்கு வர்றார். நாலு வருஷமா கண்ணாடியை மறந்துட்டுத்தான் வர்றார். மாத்திரை அட்டையில காலைக்கு ஒரு வட்டம், ராத்திரிக்கு ஒரு அரை வட்டம் போட்டுக் குடுப்பேன். கேட்டதில்ல அவர், போட்டுக் குடுப்பேன், வாங்கிட்டுப் போவார். அப்புறம் இங்க வந்து பக்கத்துல நின்னார். தாளைத் தலைகீழாப் பிடிச்சிருந்தார் முதல் நாள். நான் திருப்பி வச்சேன். அவ்வளவுதான். இதைப் பத்தி நாங்க பேசிக்கிட்டதே இல்ல."

"பல்லவியில பாடறீங்களேக்கா" என்றேன். "கேட்டேன். அவ்வளவு நல்லா இருக்கு. ஏன் உங்களுக்கு மட்டும்…"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதுவரை திடமாகப் பேசிக்கொண்டிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?" என்றார். "பாடத்தான்டி சேர்ந்தேன். நானும் மனுஷிதானே. ஒரு பாட்டு, முதல்லேருந்து கடைசி வரைக்கும், ஒரே ஒரு பாட்டு."

என்னை "டி" போட்டு அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

வழி இருக்கிறது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது. வெல்டர் அண்ணன் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருக்கிறோம், மற்றவர்கள் பாடுவது அவருக்குக் கேட்பதற்காக. என் மேசையிலிருந்து அதற்குள் மட்டும் நான் பேச முடியும். வரி தொடங்கும் அரை நொடி முன்னால் இரண்டு வார்த்தை. கூடத்துக்குக் கேட்காது. அக்கா தன் பாட்டைப் பாடலாம், ஏழாவது கட்டையை மேலே தள்ளிவிடலாம். இரண்டு பேருமே குழுவில் இருக்கலாம். சொன்னேன்.

அக்கா டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"நல்ல வழிதான்" என்றார். "ஆனா அதுக்கு முன்னாடி அவர்கிட்ட யாராவது சொல்லணுமே. உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்னு. யார் சொல்றது? நான் சொல்ல மாட்டேன்மா. அவர் என் முகத்தைப் பாத்துட்டு வட்டம் போட்ட அட்டையை வாங்கிட்டுப் போகணும், நாளைக்கும்."

9

பதினோரு நாளாக நான் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத எழுத ஒரு அசிங்கமான விஷயம் பிடிபட்டது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த நோட்டு முழுக்கப் பித்தலாட்டம்.

வெல்டர் அண்ணனை இரண்டாம் வரைவில் தச்சராக்கினேன். வயதை மாற்றினேன். அடிக்குரலை மேல்குரலாக்கினேன். அவர் யாரென்று தெரியக் கூடாது என்கிற அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வரைவில் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டேன். ஏன் அவ்வளவு தைரியம்? யோசித்துப் பார்த்தால், அவரால் இதைப் படிக்க முடியாது. அந்தத் தைரியம்தான். ஒருவரைப் பற்றி அவருக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணனாவது ஒரு மைக்கைத்தான் மூடச் சொன்னான்.

அண்ணன் இதைப் படிப்பான். அக்கா படிப்பார். பயிற்சியாளர் படித்துவிட்டு "விவாதத்துக்கு ஏற்றது" என்று ஓரத்தில் குறித்துவைப்பார். ஊரில் எழுத்துத் தெரிந்த அத்தனை பேரும் படிப்பார்கள். யாரைப் பற்றியதோ அவரைத் தவிர.

(கையேட்டுக்கான கேள்வி: இந்தக் குழுவில் விடுபட்டவர் யார்? அக்காவா? வெல்டரா? இரண்டு பேரையும் அடித்துவிட்டேன். கேள்வியையும் அடித்துவிட்டேன்.)

சனிக்கிழமை அடுத்த கச்சேரி. நேற்று அண்ணன் போன் செய்து, வழக்கமான குரலில், "ஏழு ஞாபகம் இருக்கில்ல?" என்றான்.

10

முடிவை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது, இதை எழுத முடியாது. முப்பத்திரண்டு பக்கம் எழுதியதே ஒரு வாக்கியத்தை வாயால் சொல்லாமல் இருப்பதற்குத்தான். அந்த வாக்கியத்தை ஒரு ஆளின் எதிரில் நின்று சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது என் குரல்; என் எழுத்து அவருக்கு எதற்கு?

பட்டறை ஐந்து மணிக்கு மூடும். இப்போது நாலேகால். நடந்தால் இருபது நிமிடம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் திட்டலாம். குழுவை விட்டே போய்விடலாம். "அந்தத் தங்கச்சி உன்கிட்டச் சொல்லிட்டாளா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்? எதையும் ஒத்திகை பார்க்கவில்லை. பார்த்தால் அதையும் எழுத ஆரம்பித்துவிடுவேன்.

நோட்டை எடுத்துப் போகிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசிக்கப்போகிறேன். எட்டு மாதம் டீ குடித்துக்கொண்டிருந்த என்னைப் பற்றிய வரி உட்பட எல்லாவற்றையும் சத்தமாக. எந்த வரியில் அவர் "போதும்மா, நிறுத்து" என்கிறாரோ அந்த வரியோடு கதை முடிகிறது. மீதிப் பக்கங்களை அங்கேயே அவர் அடுப்பில் போட்டுவிடுவேன். அவருக்குச் சம்மதமில்லாத ஒரு எழுத்தும் அந்தப் பட்டறையை விட்டு வெளியே வராது. இது சத்தியம்.

ஆகவே, இந்த வரி உங்கள் கைக்கு வந்திருக்கிறதென்றால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, கொடுத்துவிடு என்று சொன்னார். இல்லையென்றால் நான் அந்தப் பட்டறைப் பக்கமே போகவில்லை.

என்னை இவ்வளவு நேரம் கேட்டிருக்கிறீர்கள். நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கு இப்போது தெரியும். எது நடந்திருக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.